நான்கு விநாடி

கெரிஞ்சியில் ஒன்பதாம் மாடி.
மூன்று மணி மழையில்
எதிர்க் கட்டடம் பாதிக்குமேல் இல்லை.
காதுக்குள் ஒருவன்
அடித்தொண்டையில் பாடுகிறான்:

    தேடப் போனவன் திரும்பவில்லை
    தேடச் சொன்னவன் வீட்டில் இல்லை

படம் ஞாயிறு இரவு ஒளியேறும்.
இந்தப் பல்லவிக்குத் திரையில் நான்கு விநாடி.
இரண்டே வரி, வரிக்கு முப்பத்தைந்து எழுத்து;
அதற்குள் மலாயில் சொல்லிவிட்டு
விலகிக்கொள்ள வேண்டும்.

முதலில் அடித்ததைப்
பக்கத்து மேசை ஹைருல் எட்டிப் படித்தான்.
"போலீஸ் ரிப்போர்ட்டா, கக் தவம்?
ரெண்டு பேரையும் காணோமா?"
ரெண்டு பேர் இல்லை தம்பி, ஒருத்தன்தான்
என்று சொல்ல வாயெடுத்து
பாட்டை மறுபடி ஓடவிட்டேன்.
ஒருத்தன் என்று
எனக்கு யார் சொன்னது?

போனவனும் சொன்னவனும்
ஒரே சட்டைக்குள் இருக்கலாம்.
அல்லது சொன்னவன் முதலாளி,
போனவன் கூலிக்குப் போனவன்,
போன இடத்தில்
இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கும்.
அப்படியும் பொருள் வருகிறது.
எனக்கு அதுதான் பிடித்தும் இருக்கிறது.

சரணத்தில் அவன்
தொலைந்தேன் என்கிறான்.
ஒருமுறை சாதாரணமாக.
மறுமுறை கடைசி அசையைப் பிய்த்து
மேலே மேலே இழுக்கிறான்:
தொலைந்த் –
ஏன் –
ஏன் –

நாற்பத்து மூன்று வயதில்
இப்போதுதான் காதில் விழுகிறது.
வந்தேன், தின்றேன், கையெழுத்திட்டேன்,
என்னைப் பற்றி நான் சொன்ன
ஒவ்வொன்றின் வாலிலும்
ஓர் ஏன்
கேட்க ஆளில்லாமல் தொங்கியிருக்கிறது.

மலாய்ச் சொல்லுக்கு வால் இல்லை.
ஹிலாங்.
தொலைந்தது ஆணா, பெண்ணா, பேனாவா,
நேற்றா, நாளையா,
எதுவும் அதில் ஒட்டாது.
ஆளை நாம்தான் கொண்டுவந்து
முன்னால் உட்காரவைக்க வேண்டும்.
ஆக்கு என்றால்
கடவுளிடமும் காதலியிடமும் பேசுகிற நான்,
சண்டையில் சட்டையைப் பிடிக்கிற நான்.
சாயா என்றால்
கவுண்டரில் எண் வாங்கிக் காத்திருக்கிற நான்;
பழைய ஏடுகளில் அதற்கு
அடிமை என்று பொருள்.
மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன்.
ஆக்கு போட்டால் பாட்டு கத்துகிறது.
சாயா போட்டால் மன்னிப்புக் கேட்கிறது.

அந்நேரம் பார்த்துக் கைப்பேசி.
பார்சல்காரர்.
"புவான், வீட்டில் ஆள் இருக்கா?"
சாயா தக் அடா ரூமா, என்றேன்.
சரி, கார்டிடம் கொடுத்துவிடுகிறேன் என்று
வைத்துவிட்டார்.
அதற்குப் பிறகுதான் உறைத்தது,
நடுவில் ஒரு சின்ன 'டி'யை விழுங்கிவிட்டேன்.
நான் வீட்டில் இல்லை என்று சொல்லப் போய்
எனக்கு வீடு இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.
அவருக்குப் புரிந்துவிட்டது.
இங்கே எல்லாரும் அப்படித்தான் பேசுகிறோம்.

கடைசியில் ஆக்குவும் இல்லை, சாயாவும் இல்லை.
ஹிலாங் மட்டும்.
இருபத்தொன்பது எழுத்துக்கு இடம் காலி.
"யாரு என்று போடலையே, கக்?"
பாடுகிறவனுக்கே தெரியவில்லையே, என்றேன்.
ஹைருல் உதட்டைப் பிதுக்கிவிட்டு
தன் சமையல் நிகழ்ச்சிக்குத் திரும்பினான்.
அங்கே யாரோ
ஒரு கிலோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

இரவு, செந்தூல்.
மழை விட்டும் லிஃப்ட் வேலை செய்யவில்லை.
காவலறைக் கண்ணாடியைத் தட்டினேன்.
புதுக் காவலர், நேப்பாளி,
பாதித் தூக்கத்தில்
"சியாப்பா?" என்றார்.
சாயா, என்றேன்.
"சாயா சியாப்பா?"

நான் என்றால்
எந்த நான்.

பெட்டிகளுக்கு நடுவே
அவர் டார்ச் அலைந்துகொண்டிருந்தது.
என்ன வாங்கினேன் என்று
எனக்கும் நினைவில்லை.
பதினான்கு பி, என்றேன்.
கொடுத்துவிட்டார்.