ஒரு துண்டு குறைகிறது

ஹாகன் நகரில்
தொண்டு நிறுவனம் ஒன்றின் நிலவறையில்
காலை எட்டரைக்கு வேலை தொடங்குகிறோம்.
யாரோ தந்துவிட்டுப் போன பழைய பெட்டிகள்,
ஆயிரம் துண்டுப் படங்கள்.
அடுக்கிப் பார்க்கவேண்டும்.
எல்லாம் இருந்தால் மூடியில் 'முழுமை' என்று ஒரு சீட்டு.
ஒன்று குறைந்தாலும் குப்பை.
அடுக்கியதைக் கலைத்துவிட்டு
அடுத்த பெட்டி.

மணிக்கு ஒரு யூரோ முப்பது சதம்.
எங்களுக்குத் தரும் வேலை
எவருடைய வேலையையும் பறித்துவிடக் கூடாதாம், சட்டம்.
ஆகவே
செய்யாவிட்டால் எவருக்கும் எதுவும் ஆகாத வேலையாய்த்
தேடிப் பிடித்திருக்கிறார்கள்.
மெச்சத்தான் வேண்டும்.
இலேசில் அகப்படுகிற சாமானா அது?

போன வருடம் மாசி வரைக்கும் நான்
பிறேக் வார்ப்படங்களுக்குப் பிசிறு தட்டினேன்.
வங்கிகள் விழுந்துவிட்டன என்றார்கள்.
விழுந்த சத்தம் எங்கள் பட்டறையில் கேட்கவில்லை.
நிரந்தரக்காரருக்கு அரைநேர வேலை,
மீதிச் சம்பளத்தில் பெரும்பங்கை அரசு பார்த்துக்கொண்டது.
முகவர் கொம்பனி அனுப்பிய எங்களிடம்
ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டேகால் மணிக்கு,
அலுமாரித் திறப்பைத் திருப்பிக் கேட்டார்கள்.
ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கமும் நின்றோம்,
ஊல்ரிஷும் நானும்.
அவன் இன்னும் நிற்கிறான்.

எனக்கு எதிரே கெர்லிண்ட.
முப்பத்தொரு வருடம் பெருங்கடையில் திரைச்சீலை வெட்டியவர்.
வானத்துத் துண்டுகளை அவரிடமே தள்ளிவிடுவோம்,
ஒரு நீலத்துக்குள் ஒன்பது நீலம் பிரிக்கிற கண்.
நூரெத்தின் விளிம்புகளை மட்டும் பொறுக்குவான்.
உள்ளே என்ன நடக்குதென்று
எனக்குத் தெரியத் தேவையில்லை, என்பான்.

பத்துமணிச் செய்தி.
வேலையற்றோர் தொகை குறைகிறது.
கெர்லிண்ட நிமிர்ந்தார்.
இந்த நிலவறையில் இருக்கும்வரை
நாங்கள் அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை.
"அது நாங்கள்தான்" என்றார்.
"அந்தக் குறைவு."
நூரெத்தின் எழுந்து
வானொலிக்கு ஒரு சலாம் வைத்தான்.

நிருத்திகா
சனிக்கிழமைகளில் விளம்பரத்தாள் போட்டு
மாதம் நூற்றறுபது உழைக்கிறாள்.
நாற்பத்தெட்டை எங்கள் உதவிப்பணத்தில் கழித்துக்
கடதாசி வந்திருக்கிறது.
நான் வேலைக்குப் போனது பிழையோ அப்பா?
யொப்சென்டரில் திருமதி பிறிங்க்மனிடம் கேட்டேன்.
நல்ல மனுசி, மேசையில் ஒரு கள்ளிச்செடி வைத்திருக்கிறார்.
கணினித் திரையை என் பக்கம் திருப்பி
நானில்லை, இது, என்றார்.
அவருடைய ஒப்பந்தமும் மார்கழியோடு முடிகிறதாம்.
கதிரையை விட்டு எழும்பும்போது
யார் யாருக்கு ஆறுதல் சொல்வதென்று தெரியாமல்
இருவரும் காலநிலை பற்றிப் பேசினோம்.

இன்று ஒரு துறைமுகம்.
கப்பல், பாரந்தூக்கி, மீன்கூடை, நனைந்த கல்.
மூன்று நாள் எடுத்தது.
தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
மேசைக்குக் கீழே பார்த்தோம்,
காற்சட்டை மடிப்புகளில் பார்த்தோம்,
நூரெத்தின் பெட்டியைத் தலைகீழாகத் தட்டினான்.
கரையில் நிற்கும் கூட்டத்தின் நடுவே ஓர் ஓட்டை.
ஒரு தலை, விரித்த இரண்டு கை.
அதற்குள்ளால் மேசைப் பலகை தெரிந்தது.

ஒன்று இல்லையென்று
இத்தனையையும் கொட்டச் சொல்கிறது விதி.
நான் பேனாவை எடுத்து
'முழுமை' என்று எழுதினேன்.
கையெழுத்தும் வைத்தேன்.
கெர்லிண்ட கண்டார்.
மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

நத்தாருக்கு இந்தப் பெட்டி
ஏதோவொரு வீட்டுக்குப் போகும்.
கடைசியில் ஒரு பிள்ளை
சோபாவுக்குக் கீழே கையை விட்டுத் துழாவும்,
கம்பளத்தைத் தூக்கும்,
தம்பியோடு சண்டை பிடிக்கும்.
இரவு நெடுநேரம் அதற்கு
நித்திரை வராது,
தான்தான் தொலைத்துவிட்டேன் என்று.