பிறந்த நாடு என்னும் கட்டம்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில்
மூன்றாம் நாளாக நகராமல் நிற்கிறது அந்த லாரி.
பெட்டிக்குள் இருபத்து நான்கு டன் இட்லி அரிசி.
ஏப்ரலில் நான்தான் அனுப்பி வைத்தேன்
தம்புச் செட்டித் தெரு மூன்றாம் மாடியிலிருந்து
ஒரு எழுத்துப்பிழை இல்லாத தாள்களோடு.

அங்கே, என் நாக்குக்குப் படியாத பெயருடைய துறைமுகத்தில்
யாரோ ஒருவர் லென்சுக்கு அடியில்
ஒரு வண்டைப் பார்த்துவிட்டார்.
ஒன்றே ஒன்று.
மருந்துப் புகையில் மூன்று நாள் மூச்சடக்கி
இரண்டு கடல் தாண்டி
உயிரோடு போய் இறங்கிய ஒன்று.
அதற்காகத் திரும்பிவிட்டன
தொள்ளாயிரத்து அறுபது மூட்டைகளும்.

ஊருக்குள் விட வேண்டுமென்றால்
இறக்குமதி என்று எழுத வேண்டும்.
அனுப்புநர் கட்டத்தில் அயலான் பெயர்.
பெறுநர் கட்டத்தில் எங்கள் முதலாளி.
பிறந்த நாடு: இந்தியா.
கணினி சிவந்தது.
மறுபடி அடித்தேன். மறுபடி சிவந்தது.
"ஃபாரின் சரக்குன்னே போட்டுடு இருதயம்,
அப்பதான் அது ஒத்துக்கும்" என்றார் பக்கத்து மேசை அன்வர்தீன்.
போட்டேன்.

மணலிக் கிடங்கில் சீல் உடைத்தோம்.
தாவரத் தடுப்பு அலுவலகத்துப் பிரபாவதி மேடம்
முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு தலையசைத்தார்.
எட்வின் குத்தூசியைச் செருகினான்.
உள்ளங்கையில் சரிந்த அரிசியில்
இரும்பு வாடை, கொஞ்சம் உப்பு,
எங்கோ உள்ளே உரித்த பூண்டு போல மருந்து.
வண்டைத் தேடி நான்கு பேர் குனிந்திருந்தோம்.
கிடைக்கவில்லை.
அதுவும் சந்தேகமாம்.

ஒரு மூட்டை வாய் கிழிந்து கொட்டியதை
வாசலில் கூட்டிக்கொண்டிருந்தாள் கஜவல்லி.
"இன்னா ஊரு அரிசிப்பா இது?"
"வெளிநாடு" என்றேன், தாளில் இருந்தபடி.
ஒரு மணியை எடுத்துக் கடித்தாள்.
"தோ பார்றா. ஆரணி அரிசிய எனக்கே
ஃபாரினுன்றான்."
"மருந்து அடிச்சது, துப்பு" என்று கத்தினேன்.
துப்பினாள், சிரிப்போடு சேர்த்து.

இரவு தண்டையார்பேட்டையில்
சட்டையைக் கழற்றியபோது
பையிலிருந்து விழுந்தன நான்கு அரிசி.
மூன்று முழுசு.
நான்காவதில் ஊசிமுனையளவு துளை.
விளக்கருகே பிடித்து வெகுநேரம் பார்த்தேன்.
உள்ளே யாரும் இல்லை.
அல்லது வெளியே வந்தாகிவிட்டது.