துறைமுகம் மூடிய நாட்கள்

காற்று எழுபது கிலோமீட்டரைத் தாண்டினால்
கடற்படை துறைமுகத்தை மூடிவிடும்.
புந்தா அரேனாஸிலிருந்து போர்வெனீருக்கு
அன்றைக்குப் படகு இல்லை,
லாரிகளை எடைபோட வேண்டியதில்லை,
பாதிச் சம்பளம் உண்டு.
அப்படியொரு செவ்வாய்க்கிழமை
அண்ணன் மகன் விட்டுப்போன கணினியில்
ஒரு ராஜ்ஜியத்தைத் தொடங்கினேன்.
ஆறாவது நிமிடத்தில் இழந்தேன்.

அடுத்ததை ஐந்தில்.

பதினெட்டுத் தோல்விக்குப் பிறகு
என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மரச் சின்னம் முளைத்தது.
வெள்ளி, வெண்கலம், தகரம் என்று இறங்கும் ஏணியில்
தகரத்துக்கும் கீழே மரம்.
அதற்கும் கீழே ஏதாவது உண்டா என்று தேடினேன்.
இல்லை.
நிம்மதியாக இருந்தது.

என் விரலுக்கும் என் வீரனுக்கும் நடுவே
பாதிக் கண்டத்தின் நீளம்.
"ஓடு" என்று நான் சொல்வது
சாவோ பாவ்லோ சர்வருக்குப் போய்ச் சேர்வதற்குள்
அவன் செத்திருப்பான்.
நல்ல சாக்கு.
மூன்று வாரம் அதை வைத்தே ஓட்டினேன்.
பிறகு ஒரு ராத்திரி, தூக்கம் வராமல்,
தோற்ற ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

தாமதம் கம்பியில் இல்லை.
நான்காவது நிமிடம்:
ஆறு விறகுவெட்டிகள்
வெட்டித் தீர்ந்த காட்டின் நடுவே
கோடரியோடு சும்மா நிற்கிறார்கள்.
ஒரு நிமிடம் நாற்பது விநாடி.
நானோ
ஒரேயொரு குதிரைக்காரன் பின்னாலேயே போய்
அவன் ஆற்றைத் தாண்டும் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கஜானாவில் தொள்ளாயிரம் பொன்.
சில்லறையைக் காபி டப்பாவில் போட்டு
மூடியை இறுக்கிப் பழகிய கை இது.
செலவழி என்றால் நடுங்குகிறது.
சிறுதுளி பெருவெள்ளம் ஆவதற்குள்
எதிரி வந்து குடத்தை உடைத்துவிட்டான்.

எடைச்சீட்டின் முதுகில் எழுதி ஒட்டினேன்:
முதல் ஆறு பேர் சோற்றுக்கு.
அடுத்த இருவர் மரத்துக்கு.
ஒன்பதாவது ஆள் வீடு கட்டட்டும்.
யாரையும் சும்மா நிற்க விடாதே.
வுகாசோவிச் அதைப் படித்துவிட்டு
"அந்த ஒன்பதாவது ஆளைச் சங்கத்தில் சேரச் சொல், நேவென்கா" என்றான்.

ஐந்தரைக்கே இருட்டும் ஜூன்.
லாரி மேடையேறும் இடைவெளியில்
இடது கை தானாக மேசையைத் தட்டும்:
ஒன்று குதிரை, இரண்டு வில், மூன்று முற்றுகை.
ஓட்டுநர்கள் என்னவோ பொறுமையில்லாதவள் என்று
எடையைச் சீக்கிரம் ஒப்புக்கொண்டார்கள்.

ரோசாரியோக்காரன் ஒருவனிடம் முப்பத்தொரு நிமிடம் நின்றேன்.
தோற்றேன்.
"நல்ல ஆட்டம்" என்று எழுதிவிட்டுப் போனான்.
கிண்டல் என்றுதான் நினைத்தேன்.
இந்த முறை
அவன் கண்ணால் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

அவன் திரையில் என் நாடு முழுக்கக் கறுப்பு.
அந்தக் கறுப்பை நோக்கி
ஒரு காவல் கோபுரம் கட்டுகிறான்.
இன்னொன்று.
பிறகு இரண்டு சேர்த்து.
அந்தப் பக்கம் என்னிடம் இருந்தது
மூன்று வில்லாளிகள், ஒரு ஆடு.
பன்னிரண்டாவது நிமிடத்தில் என் குதிரைக்காரன்,
அதே ஊதாரி,
வழிதவறி அவன் எல்லையில் தலைகாட்டுகிறான்.
உடனே மணி அடிக்கிறது.
உழுதவன், வெட்டியவன், தோண்டியவன் எல்லோரும்
போட்டது போட்டபடி கோட்டைக்குள் ஓடுகிறார்கள்.
கதவு சாத்தப்படுகிறது.
நாற்பது விநாடி
ஒருவரும் வெளியே வரவில்லை.

என்னிடம் இல்லாத படைக்கு
இவ்வளவு பயமா?
தேநீர் ஆறிப்போனது தெரியாமல்
அந்த நாற்பது விநாடியை
ஐந்து தடவை ஓட்டினேன்.

இப்போதெல்லாம் குதிரைக்காரனை
வேண்டுமென்றே வழிதவற விடுகிறேன்.

நேற்று தகரத்துக்கு ஏறினேன்.
"இந்த ஊரில் தகரம் துருப்பிடிக்குமே" என்றான் வுகாசோவிச்.
வீட்டுக்கு வந்தபோது கூரை தடதடத்தது.
வானொலியில் ஒருவர் நிதானமாகப் படித்தார்:
நாளை காற்று எண்பத்திரண்டு.
துறைமுகம் மூடல்.
எடைச்சீட்டைத் திருப்பிப்போட்டு
பத்தாவது ஆளுக்கு வேலை தேட உட்கார்ந்தேன்.