எல்லை தாண்டி விழுந்த குலை

புயலுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.
எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை,
கடன்காரன் பெயரைப் போல.

விடிந்தபோது
லாஸல்ஸின் வாழை ஒன்று
வேலியை மிதித்துக்கொண்டு
என் முற்றத்தில் படுத்திருந்தது.
வேர் அவன் மண்ணில்,
குலை என் மண்ணில்.
ஒன்பது சீப்பு. எண்ணினேன்.
எண்ணுவதில் குற்றமில்லை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே
மூன்றடி நிலத்துக்கு வழக்கு,
அவன் அப்பன் காலத்தில் முளைத்து
வாழையடி வாழையாய் வந்தது.
பஃப் பே நீதிமன்றத்தில்
எங்கள் கோப்பின் தடிமனைப் பார்த்து
புதிதாய் வந்த குமாஸ்தாப் பெண்
ஏதோ கொலை என்று நினைத்தாளாம்.

அதனால் தொடவில்லை.
அவன் வந்து வெட்டிப் போகட்டும் என்றிருந்தேன்.
அவனோ நான் கூப்பிடட்டும் என்றிருந்தான்.
பறந்த தகரத்தைத் தேடி வந்தபோதுகூட
குலையைப் பார்க்காமல் பார்த்தான்.

வாழைப்பழம் வாய்தா கேட்காது.
ஐந்தாம் நாள் மஞ்சள்.
ஏழாம் நாள் உடம்பெல்லாம் மச்சம்.
ஒன்பதாம் நாள் முதல் சீப்பு கறுத்துத் தளர்ந்து
ஈக்களும் வௌவால்களும்
சாட்சி சொல்ல வந்துவிட்டன.
இருட்டில் படுத்தபடி மகன் ஓரேன் கேட்டான்:
"அம்மா, இந்த வாசனை நம்முடையதா,
அவர்களுடையதா?"

மறுநாள் கரி அடுப்பை மூட்டினேன்.
மின்சாரம் இல்லாத ஓவன்
வெறும் இரும்பு அலமாரி.
டச்சுப் பானைக்குள் ரொட்டி டின்,
கீழே கனல், மூடி மேலேயும் கனல்.

பன்னிரண்டு பழம். கை பட்டதும் கூழ்.
வெண்ணெய் தானே உருகியிருந்தது, ஒரு வேலை மிச்சம்.
அளவுக் கோப்பை உடைந்துபோனதால்
பழுப்புச் சர்க்கரை பால்டின் மூடியால்.
மாவு, நனைந்த பையின்
நனையாத நடுப்பகுதி மட்டும்.
பிமெண்டோ நாலு மணி, பாட்டிலடியால் நசுக்கி.
அந்தப் பாட்டிலின் வெள்ளை ரம்
கலவைக்கு இரண்டு மூடி,
கலக்குபவளுக்கு ஒன்று.

ஜாதிக்காய் ஜாடியைத் திறந்தேன்.
காற்று.
இந்தத் தெருவில் ஜாதிக்காய் மரம் ஒன்றுதான்.
யார் வீட்டில் என்று
நான் சொல்ல வேண்டியதில்லை.
எலுமிச்சைத் தோலைத் துருவி ஒப்பேற்றினேன்.

மணம் கிளம்பியது.
அதற்கு முன்பே வேலி விழுந்திருந்தது,
இல்லாவிட்டாலும் அது நின்றிருக்காது.
பக்கத்துக் கூரையில் சுத்தியல் நின்றது.
பிறகு
ஒரே ஆணியை வெகுநேரம் அடித்தது.

வெந்த ரொட்டியின் முதுகில்
நீளமாய் ஒரு வெடிப்பு,
சர்வேயர் கோடு போட்ட மாதிரி.
பழம் அவனுடையது. மாவும் கரியும் என்னுடையவை.
ரொட்டி?
அதற்குச் சட்டம் எழுத
எந்த வக்கீலும் பசியோடு உட்கார்ந்ததில்லை.
கோட்டின் மேல் கத்தியை வைத்தேன்,
எடுத்தேன், குறுக்கே அறுத்தேன்.
கருகிய பாதி எனக்கு
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
கருகிய பாதி அவனுக்கு.

டின்னோடு அதைத் தூக்கிக்கொண்டு
ஓரேன் வேலிமேல் ஏறிப் போனான்.
வெறுங்கையோடு வந்தான்.
"என்ன சொன்னார்?"
"ஒண்ணும் சொல்லலை. நின்னுக்கிட்டே சாப்பிட்டார்.
முழுசையும்."

சாயங்காலம் வாசற்படியில் டின்,
மணல் போட்டுத் தேய்த்துக் கழுவியது.
உள்ளே ஏழு ஜாதிக்காய்,
சிவப்புப் பத்திரி இன்னும் ஈரமாய்
மேலே ஒட்டிக்கொண்டு.

பிஞ்சும் முற்றலும் கலந்து
யாரும் இப்படிப் பறிக்க மாட்டார்கள்.
வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று
முதல் முறையாக அந்தப் பக்கம் பார்த்தேன்.
மரம் வேரோடு கிடந்தது.
அவன் சமையலறைக்கு மேலே
ஆகாயம் அதிகமாக இருந்தது.

இவை துருவுகிற பதத்துக்குக் காய
ஆறு வாரமாவது ஆகும்.
அது அவனுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை சர்வேயர் வருகிறார்.
வரட்டும்.
இன்னும் எட்டுச் சீப்பு கிடக்கிறது.
அவருக்கும் ஒரு துண்டு உண்டு,
கருகாத பக்கத்திலிருந்து.