நல்கை

சாத்தையா தட்டச்சு செய்கையில்
ஒரு ‘ல்’ விழுந்துபோய்
நல்கை நகை ஆயிற்று.
‘கற்றல் கற்பித்தல் ஆய்வுக்கான நகை,
உளவியல் துறை, காரைக்குடி.’
சிரித்தோம். இந்த ஊரில்
அந்தத் தாளை எடுத்துக்கொண்டு
எந்த அடகுக் கடைக்கும் போகலாம்.
பிறகு ‘ல்’லைச் சேர்த்தோம்,
அதற்குள் மின்சாரம் போனது.

கேட்டது எண்பதாயிரம்.
பொருள்: வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு
ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார்.
அவ்வளவுதான்.
பத்தி ஏழு கேட்டது: இதனால் விளையும் பயன்?
பேரேடு எழுதி வளர்ந்த ஊர் இது,
வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம்.
பேசாமல் இருந்த நேரத்தை
எந்தப் பக்கம் எழுதுவார்கள் என்று
யாரிடம் கேட்பது?
‘கற்றல் அடைவு மேம்படும்’ என்று நிரப்பினேன்.
எல்லோரும் அதைத்தான் நிரப்புகிறார்கள்.

ஐந்து மாதம் கழித்து
முப்பத்திரண்டாயிரம் வந்தது.
மாணவர்களுக்கான தேநீரும் சீடையும் அடிபட்டிருந்தன.
மதிப்பீட்டாளர் குறிப்பு:
மாதிரி சிறியது. ஏன் காரைக்குடி என்பது விளக்கப்படவில்லை.
நான் காரைக்குடியில் வேலை பார்க்கிறேன், ஐயா.

செக்காலைச் சாலையில் ஒலிப்பதிவுக் கருவி வாங்கினேன்.
ஒப்புதல் படிவத்தில் நாற்பத்தொரு பேர்
படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.
பத்தொன்பது வகுப்பு, இருநூற்றுப் பன்னிரண்டு கேள்வி.
இரவில் காதில் மாட்டிக்கொண்டு
என்னையே கேட்டேன்.

என் குரல் இவ்வளவு மெல்லியதா?
அதைவிட, இவ்வளவு அவசரமா?
‘படித்ததை ஏன் மறக்கிறோம்?’
மின்விசிறி அரை சுற்று சுற்றுவதற்குள்
‘ஏனென்றால்’ என்று நானே தொடங்கிவிடுகிறேன்.
சராசரி முக்கால் விநாடி.
முக்கால் விநாடியில் இரண்டு தரம் இமைக்கலாம்.
இருபது வயதில், மதியம் இரண்டு மணிக்கு,
சாப்பிடாமலோ சாப்பிட்டுவிட்டோ,
முதல் ஞாபகம் தேடிப் புறப்படவே
அது போதாது.

பதினோராம் பதிவு.
கேள்விக்கும் எனக்கும் நடுவில்
யாரோ மூச்சை உள்ளே இழுக்கிறார்கள்.
‘வந்து’ என்கிறார்கள்.
வந்தது. வாசலிலேயே நின்றது.
மேலே என் ‘ஏனென்றால்’ ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஒன்பது தரம் ஓட்டிப் பார்த்தேன்.
வரிசை எண் முப்பத்தேழு என்று நினைத்தேன்,
புதுவயல் அரிசி ஆலைக்குப் பக்கத்து வீடு,
முன்பேருந்தைத் தவறவிட்டால்
தவிட்டு லாரியில் ஏறி வருகிறவள்.
போட்டுக் காட்டினேன்.
‘நான் இல்ல மேம்,
இது கோட்டையம்மா’ என்றாள் பாண்டிமீனா.
கோட்டையம்மாள் காதில் வைத்துக் கேட்டுவிட்டு
‘எனக்குச் சளி, என் மூச்சு இப்படி வராது’ என்றாள்.
நாற்பத்தொரு பேரில்
ஒருவரும் அந்த மூச்சை
என்னுடையது என்று சொல்லவில்லை.

அடுத்த பருவம், கேட்டுவிட்டு
முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கினேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றில் கடைசி வரிசை சிரித்தது.
நான்கில் ஒரு பேனா விழுந்தது;
மேடத்துக்குப் பாடம் மறந்துவிட்டதென்று
கண்ணால் பேசிக்கொண்டார்கள்.
வியர்த்தது. ஐந்து.
ஆறில் ஒரு பதில் வந்தது,
தப்பான பதில்.
ஆனால் எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது,
நடுவே எங்கும் நான் இல்லை.

இறுதி அறிக்கை.
மீதம் நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்,
வரைவோலையாகத் திருப்பி அனுப்பப்படுகிறது.
‘முடிவுன்னு என்ன போடட்டும், மேடம்?’
விசைப்பலகை மேல் சாத்தையாவின் விரல்.

‘வந்து’ என்றேன்.

‘நல்ல முன்னேற்றம்னு போட்டுட்டேன்’ என்றார்.