பதினோராம் தட்டு

டுர்க்கு நகரில் ஜனவரி.
ஒன்பதரைக்குத்தான் விடிகிறது.
அதற்குள் வியெனோ இருபது தட்டுகளுக்கும்
உணவு மாற்றிவிடுகிறாள்.

கரித்தூளில் கலக்கி வடித்த சீரம்.
ஹார்மோன் ஒரு துளி மிஞ்சக் கூடாது.
சிவப்புச் சாயத்தையும் நீக்கியாயிற்று.
அதையே ஈஸ்ட்ரோஜன் என்று நம்பி
இந்தச் செல்கள் பிழைத்துக்கொள்ளுமாம்.
பசித்தவளுக்கு அடுப்புப் புகையே சோறு.

அக்டோபரில் அடங்கின.
நவம்பரில் உதிர்ந்து மிதந்தன.
கூப்பிட ஆளில்லையென்றால் எழாதவை,
அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன்.

இன்று பதினோராம் தட்டில்
ஒரு மூலை மட்டும் கொழித்துக் கிடக்கிறது.

மாசு என்றேன். இல்லை.
சவ்வின் மேல் வேறு கைகள்,
வளர்ச்சிக் காரணியைப் பற்றும் கைகள்,
பத்து இருந்த இடத்தில் நூறு.
அவை பிடித்த சேதி
புரதம் மாறிப் புரதம் மாறி உட்கருவுக்குள் போய்
சும்மா உட்கார்ந்திருந்த ஏற்பியின் தோளில்
ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது.
அவ்வளவுதான்.
வராத ஹார்மோன் வந்துவிட்டதாக
எழுந்து நிற்கிறது ஏற்பி.

சன்னலுக்குக் கீழே ஔரா ஆறு.
அக்கரை போகும் சின்னப் படகு
பனி இறுகி நின்றுவிட்டது.
போகிறவர்கள் நிற்கவில்லை.
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு தபால்காரி
ஆற்றின் மேலேயே நடக்கிறாள்.

வியெனோ காப்பியோடு
பத்து மணி மாத்திரையை விழுங்கினாள்.
அதே ஏற்பியின் வாயை அடைக்கும் மாத்திரை.
மூன்றாம் வருடம்; இன்னும் இரண்டு பாக்கி.
குனிந்து தட்டைப் பார்த்தாள்.
நெடுநேரம் பார்த்தாள்.
"முன்கதவைப் பூட்டினோம்,
சவுனாக் கதவு வழியாக வந்திருக்கிறாள்."
பிறகு, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்:
"என்னுடையதுக்கும் இந்த வழி தெரியுமோ?"

தெரியாது என்றேன்.
ஆறுதலுக்காகச் சொல்லவில்லை,
எனக்கு உண்மையாகவே தெரியாது.

மதியம் இரண்டு மருந்தையும் சேர்த்து விட்டோம்,
ஏற்பிக்கு ஒன்று,
சேதி போகும் பாதைக்கு ஒன்று.
ஏழாம் நாள் எண்ணிக்கை குறைந்தது.
குறைந்தது. ஒழியவில்லை.

குறிப்பேட்டில் எண்ணைப் பதிந்தேன்.
அதன் ஓரத்தில் பென்சிலால்
ஆற்றில் பனி உடையும் நாள் என்று
ஒரு தேதி போட்டிருக்கிறாள் வியெனோ,
ஏப்ரல் இரண்டு,
பந்தயம் இரண்டு யூரோ.