முன்னே அடி வைப்பது

அகரப்பத்தனைச் சிற்றாலயத்தில்
இந்த ஞாயிறு பிரசங்கம் என்னுடையது.
மற்ற நாளெல்லாம் கொழுந்து நிறுக்கிற கிளார்க் நான்,
ஆறாம் நம்பர் மலையடி மடுவத்தில்.

செம்மறியை நேரில் பார்த்தது ஒரே தடவை:
அம்பேவலை தாண்டும் ரயிலில், கம்பிவேலிக்கு அப்பால்,
நனைந்த தலையணைகள் மாதிரி நாலைந்து.
எங்கள் லயத்தில் இருப்பதெல்லாம் வெள்ளாடு,
அதுவும் கறுப்பு.

போட்டோக்கொப்பி எடுத்த கிரேக்க அகராதி,
நடுவில் எட்டுப் பக்கம் காணோம்.
தேடியது இருந்தது.
ப்ரோபட்டோன்: செம்மறி.
கீழே பொடி எழுத்தில் வேர்:
முன்னே அடி வைப்பது.
சாது, பலி, கம்பளி என்று
நான் எதிர்பார்த்துப் போன எதுவும் அங்கே கிடையாது.
நடக்கிறது. அதனால் அந்தப் பேர்.

அப்படியானால் மேய்ப்பன் எங்கே நடப்பான்?
நல்ல மேய்ப்பன் மந்தைக்கு முன்னே போவானாம்,
குரல் தெரிந்து அவை பின்னே வருமாம்.
எனக்குத் தெரிந்தவர்களெல்லாம் பின்னால் நிற்கிறவர்கள்:
கங்காணி, கணக்கப்பிள்ளை, குடையோடு தொரை.
எல்லாருக்கும் பின்னால் நான்,
தராசோடு.

இன்னொரு சொல், ஆர்னியோன்.
ஆட்டுக்குட்டிக்கு மேலும் ஒரு செல்ல ஒட்டு,
குட்டிக்குட்டி என்பதுபோல.
சொல்லிச் சொல்லிச் செல்லம் தேய்ந்துவிட்டதாம்.
கடைசி வெளிப்பாட்டில் சிங்காசனத்தில் நிற்பது அதுதான்,
அறுபட்ட தழும்போடு, ஏழு கொம்போடு,
பேர் மட்டும் இன்னும் குட்டி.

அந்த வரியில் பென்சிலை வைத்தேன்.
செக்ரோலில் நாற்பத்தொன்றாம் இலக்கம்,
சின்னக்குட்டி பெரியண்ணன், வயது ஐம்பத்தாறு.
முதல் நிரை எப்போதும் அவளுக்கு.
அந்தப் பேரில் 'சின்ன' என்பது
யார் காதிலும் விழுவதில்லை.

வெள்ளிக்கிழமை மழை.
படங்கு சொட்டச் சொட்ட இறங்கி வந்தார்கள்.
அவள் கூடையைத் தொங்கவிட்டாள்.
முள் பதினெட்டில் நின்றது.
பதினாலு என்று எழுதினேன்.
ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்று,
இன்னும் ஒன்று எதற்கென்று
இந்தப் பதினோரு வருஷத்தில் நான் கேட்டதில்லை.

அவள் கூடையை எடுக்கவில்லை.
"முள்ளப் பாருங்கய்யா."
சத்தமாகச் சொல்லவில்லை.
பின்னால் முப்பது பேர், வரிசை நகரவில்லை.
யாரோ இருமினார்கள்.
தகரத்தில் மழை.

கத்தரிக்கிறவன் முன்னால் வாய் திறக்காத ஆடு,
என்று பிரசங்கத்துக்கு எழுதிய குறிப்பு
சட்டைப்பையில் நனைந்துகொண்டிருந்தது.

பார்த்தேன். பதினெட்டுதான்.
பதினாலை அடித்தேன்,
பதினாறு என்று எழுதினேன்.
அவள் அதை வாசித்தாள்.
பிறகு என்னை.

ஞாயிறு, நாலு நிமிஷத்தில் இறங்கிவிட்டேன்.
வேர்ச்சொல்லைச் சொன்னேன், நல்ல விளக்கம் என்றார்கள்.
முள்ளைச் சொல்லவில்லை.
அவள் மாரியம்மன் கோயில்காரி,
கேட்க அங்கே இருக்கவுமில்லை.

திங்கள், பெரட்டுக்களம், ஆறரை மணி.
மலையும் பாதையும் இல்லாத பனி.
அதற்குள்ளிருந்து முதலில் ஒரு கூடை வந்தது,
அப்புறம் அதைச் சுமந்த தலை,
அப்புறம் மற்றவர்கள்.